பாத்திரமும் அபாத்திரமும்
தாராவியில் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் குறித்து ஒரு திறனாய்வு

நான் எவர்சில்வர் பாத்திர வியாபாரி. புலவர் பட்டமோ, கல்லூரிப் படிப்போ பெற்றவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் கிராமம் ஒன்றில் பிறந்து, திண்ணையில் நன்னூலும் சூடாமணி நிகண்டும் கொஞ்சம் மனப்பாடம் செய்து, 1977-இல் பம்பாய்க்கு ரயிலேறியவன். சங்கத்தார் மலருக்குக் கட்டுரை கேட்டபோது, எனக்குத் தெரிந்தது கடையும் சொல்லும்தான். அந்த இரண்டையும் வைத்தே எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். பிழை இருந்தால் அறிந்தோர் திருத்துவார்களாக.

சில வருடங்களுக்கு முன் திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்த பையன் ஒருவனைக் கடையில் வேலைக்கு வைத்தேன். இரண்டாம் நாள் ஒரு மராத்தி அம்மாள் வந்து, "டிபன் திக்காவ்" என்றார். பையன் சட்டென்று, "இது பாத்திரக் கடைம்மா, டிபன் எதுத்தாப்புல ஹோட்டல்ல கிடைக்கும்" என்று தமிழில் சொல்லிவிட்டான். அந்த அம்மாள் கேட்டது மூன்றடுக்குச் சாப்பாட்டு டப்பா. அவன் மனத்தில் வந்தது இட்லி, தோசை. இருவர் பேரிலும் தப்பில்லை. டிபன் என்பது இங்கிலாந்தில் சிறு குடியைக் குறித்த ஒரு கொச்சைச் சொல்லிலிருந்து பிறந்து, இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் வாயில் நண்பகல் உணவாகி, தமிழ்நாட்டில் காலை மாலைச் சிற்றுண்டியாகி, மும்பையில் உணவை விட்டு உணவு வைக்கும் கலத்திற்கே பெயராகிவிட்டது. பிறந்த நாட்டிலோ அது அநேகமாக மறைந்தே போயிற்று.

அன்று சிரித்துவிட்டுப் போனோம். ஆனால் ஒரு சொல்லை ஒருவர் ஒரு பொருளில் சொல்ல, மற்றவர் வேறு பொருளில் கேட்டால் எப்போதும் சிரிப்போடு முடிந்துவிடுவதில்லை. சில சமயம் வீடு போய்விடும். அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

வேர் தேடும் மோகம்

புலம்பெயர்ந்த தமிழர் வெளியிடும் மலர்களில் ஆங்கிலச் சொற்களைப் பற்றி ஒரு கட்டுரை கட்டாயம் இருக்கும். ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள் இவை இவை என்று பட்டியல் போட்டுப் பெருமைப்படுவது அதன் வழக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், பந்தல், வெட்டிவேர் ஆகியவை ஆங்கில அகராதியில் ஏறியதை எவரும் மறுக்க முடியாது. ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற அகராதியை ஃப்ளோரா பவுண்டன் நடைபாதையில் பழைய புத்தகமாக வாங்கி, கடை வேலை இல்லாத மதியங்களில் படித்து வியந்தவன் நான். பர்னல் சென்னை மாகாணத்தில் நீதிபதியாக இருந்தவர். நூல் அச்சாகி வருமுன் 1882-லேயே காலமாகிவிட்டார்.

ஆனால் பெருமை கூடினால் கண் மறைக்கும். 'கேஷ்' என்ற சொல் நம் 'காசு'தான் என்று பலர் எழுதிவிட்டார்கள். உண்மையில் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தும் ஒலியும் கொண்ட இரண்டு 'கேஷ்' உண்டு. சீனம் முதலிய கீழை நாடுகளின் சில்லறை நாணயத்தைக் குறித்த கேஷ், போர்த்துகீசியர் வழியாகப் போன நம் காசு. கையிருப்பு ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளில் பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. கல்லாப்பெட்டிதான் அதன் மூலம். நான் தினமும் 'கேஷ் கவுண்டர்' என்று எழுதி வைத்திருப்பது இரண்டாவது சொல்லையே தவிர முதலாவதை அல்ல. இதைச் சொன்னால் நம்மவர் சிலருக்கு வருத்தம். வியாபாரி இருப்பைக் கூட்டி எழுதினால் கடைசியில் நஷ்டம் அவனுக்கே. தமிழின் இருப்பையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இத்தகைய கட்டுரைகளில் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. நாம் அவர்களுக்குக் கொடுத்த சொற்களை எண்ணி எண்ணிப் பார்க்கிறோம். அவர்களிடமிருந்து வந்து நம் வாசலில் நிற்கும் சொற்களைப் படிக்கத் தவறுகிறோம். கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போனதால் தாராவியில் யாருக்கும் லாபமில்லை. 'எலிஜிபில்' என்ற சொல் தாராவிக்கு வந்ததால் எத்தனையோ குடும்பங்களுக்குத் தூக்கமில்லை.

பவணந்தியார் தந்த அளவுகோல்

சொல் வழக்கை அளக்க நம்மிடம் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. பவணந்தி முனிவர் நன்னூலில் வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பிரிக்கிறார். இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என்னும் மூன்றும் இயல்பு வழக்கு. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றும் தகுதி வழக்கு. பிற நாட்டாரிடமிருந்து வந்து தமிழில் வழங்கும் சொற்களுக்குத் திசைச்சொல் என்றும் இடம் ஒதுக்கியிருக்கிறார். ஆங்கிலம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அதற்கு ஒரு நாற்காலி போட்டு வைத்ததாக நான் எண்ணிக்கொள்வதுண்டு.

இந்த அளவுகோலால் தாராவி ஆங்கிலத்தை அளந்து பார்த்தேன்.

மரூஉ எளிது. தேய்ந்து உருமாறிய சொற்கள் அவை. கிட்டங்கி குடோன் ஆனது. அதிலும் ஒரு வேடிக்கை: குடோன் என்பது மலாய் மொழி வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் என்றும், அந்த மலாய்ச் சொல்லே தமிழ், தெலுங்குக் கரையிலிருந்து போன 'கிடங்கு' இனத்தது என்றும் கருதுவோர் உண்டு. அப்படியானால் நம் சரக்கு ஊர் சுற்றி நம் கிடங்குக்கே திரும்பி வந்திருக்கிறது.

குழூஉக்குறி என்பது ஒரு கூட்டத்தார் தமக்குள் வைத்துக்கொள்ளும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது இலக்கண ஆசிரியர்கள் காட்டும் உதாரணம். தாராவியில் தொழிலுக்கொரு குழூஉக்குறி உண்டு. 'கட்டிங்' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தையல் கார்கானாவில் அது துணி வெட்டுவது. தேநீர்க் கடையில் அரைக் கிளாஸ் டீ. முடி திருத்தகத்தில் முடி. ஊரிலிருந்து வந்த சில நண்பர்களிடம் அது என்னவென்று இங்கே எழுதினால் மலர்க்குழுவார் கோபித்துக்கொள்வார்கள். 'பார்ட்டி' என்றால் அரசியல்காரருக்குக் கட்சி, இளைஞருக்கு விருந்து, எனக்கு மட்டும் பாக்கி வைக்கும் வாடிக்கையாளர். "பார்ட்டி எப்படி?" என்று நான் கேட்டால் விருந்து ருசியாக இருந்ததா என்று பொருளல்ல, கொடுத்த சரக்குக்குப் பணம் வருமா என்பதுதான் பொருள்.

தொழிலாளரின் குழூஉக்குறியால் யாருக்கும் கெடுதல் இல்லை. தெரியாதவன் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அலுவலகத்தின் குழூஉக்குறி அப்படியல்ல. 'அனெக்சர்' என்ற சொல்லைப் பாருங்கள். எந்த அகராதியைத் திறந்தாலும் பின்னிணைப்பு என்ற அளவில்தான் பொருள் இருக்கும். புத்தகத்தின் கடைசியில் யாரும் படிக்காத பக்கம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மும்பையில் குடிசைப் பகுதி மறுசீரமைப்பில் 'அனெக்சர் டூ' என்பது எவரெவருக்கு வீடு உண்டு, எவருக்கு இல்லை என்று காட்டும் பட்டியல். "உங்க பேரு அனெக்சர்ல வந்துடுச்சா?" என்று கேட்பது, இங்கே கல்யாணமாயிற்றா என்று கேட்பதைவிடப் பெரிய கேள்வி. பின்னிணைப்பு என்று மொழிபெயர்த்தால் சொல் சரி, பொருள் பூஜ்யம்.

'கார்பெட்' இன்னொன்று. 225 சதுர அடி கார்பெட் ஏரியா என்று 1995-இல் மறுவாழ்வுத் திட்டம் வந்தபோது, அரசாங்கம் கம்பளமும் விரித்துத் தருமா என்று என் கடையில் ஒருவர் கேட்டார். அவர் அறிவிலி அல்லர்; பள்ளிக்கூடத்தில் கார்பெட் என்றால் கம்பளம் என்று சரியாகப் படித்தவர். சுவருக்குச் சுவர் கம்பளம் விரிக்கக்கூடிய உள்ளளவு என்பது கட்டடக்காரர் குழூஉக்குறி. அந்த அளவு 2008-இல் 269 சதுர அடி ஆயிற்று. தாராவித் திட்டத்தில் 350 என்று பின்னர் பேசப்பட்டது. எண் கூடிக்கொண்டே வந்தது. அந்த எண் எதை அளக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தோம்?

மங்கலமும் அமங்கலமும்

மங்கலம் என்பது அமங்கலமான செய்தியை நல்ல சொல்லால் சொல்வது. இறந்தார் என்பதைத் துஞ்சினார் என்பது போல. அரசாங்க ஆங்கிலத்தில் மங்கலத்துக்குப் பஞ்சமே இல்லை. மகாராஷ்டிரத்தில் 1971-இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே முன்னேற்றம், அகற்றல், மறுசீரமைப்பு என்ற பொருளுடைய மூன்று சொற்களும் வரிசையாக உண்டு. முதலும் கடைசியும் மங்கலம். நடுவில் நிற்பதுதான் நிஜம் என்று ஒரு பெரியவர் கடையில் உட்கார்ந்து சொன்னது நினைவிருக்கிறது.

இங்கே தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பாராட்ட வேண்டும். அவர் யாரென்று அறியேன். 1970-இல் சென்னையில் ஏற்பட்ட வாரியத்தின் ஆங்கிலப் பெயரில் இருந்தது 'கிளியரன்ஸ்', அதாவது அகற்றுதல். தமிழில் 'குடிசை மாற்று வாரியம்' என்று வைத்தார்கள். அகற்றினால் ஒன்றும் மிஞ்சாது. மாற்றினால் ஒன்றுக்குப் பதில் வேறொன்று வந்தாக வேண்டும். ஆங்கிலம் சொல்லாத ஒரு வாக்குறுதியைத் தமிழ் சொல்லிவிட்டது. நடப்பில் அந்த வாக்குறுதி எவ்வளவு காக்கப்பட்டது என்பது வேறு விஷயம். ஆனால் "மாற்றுன்னுதானே பேரு வச்சிருக்கீங்க, எங்கே மாற்று?" என்று ஏழை கேட்பதற்கு அந்தச் சொல் இடம் கொடுத்தது. 2021-இல் அப்பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று ஆயிற்று. மங்கலம் கூடியது, கேள்வி கேட்கும் பிடி குறைந்தது என்பேன்.

'டிரான்சிட்' என்பதும் இவ்வகையே. கடந்து போதல் என்பது அகராதிப் பொருள். ரயில் மாறும் பயணி பிளாட்பாரத்தில் நிற்பது போல. தாராவியில் டிரான்சிட் கேம்ப் என்பது ஒரு பேட்டைக்கே நிலையான பெயர். பிளாட்பாரத்தில் யாரும் பிள்ளை பெற்று, பள்ளியில் சேர்த்து, கல்யாணம் செய்து வைப்பதில்லை. கடந்து போகச் சொன்ன சொல் அங்கேயே குடியேறிவிட்டது.

ரூமும் ஸ்லம்மும்

ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்குக் குழப்பம் தரும் மும்பைத் தமிழ்ச் சொல் 'ரூம்'. "மச்சான் தாராவியில சொந்த ரூம் வாங்கிட்டான்" என்றால், ஊரார் ஒரு வீட்டில் ஒரு அறை என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே ரூம் என்றால் முழு வீடு. சமையல், படுக்கை, படிப்பு, தையல் மிஷின் எல்லாம் அந்த ஒரு ரூமுக்குள் அடக்கம். சொல் தன் பொருளைச் சுருக்கவில்லை, விரித்திருக்கிறது. ஒரு அறைக்குள் ஒரு வீட்டை விரித்த மக்களின் சொல் அது.

வெளியில் இருப்பவர்கள் அதே வீட்டை 'ஸ்லம்' என்கிறார்கள். இச்சொல்லின் வரலாற்றைத் தேடியபோது எனக்குப் பெரிய ஆச்சரியம். ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்ற தண்டனைக் கைதி 1812-இல் எழுதிய லண்டன் திருடர் குழூஉக்குறி அகராதியில் ஸ்லம் என்பதற்குப் பொருள் 'அறை'. ஆம், ரூம்! பிறகு பின்கட்டு அறை, பின்சந்து என்று அது இறங்கி, 1850-இல் கார்டினல் வைஸ்மன் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியின் இடுக்குச் சந்துகளைப் பற்றி எழுதிய பிறகு, ஏழைகள் நெருங்கி வாழும் அழுக்கிடம் என்று நிலைத்துவிட்டது. நம் மக்கள் அறியாமலே அதன் முதற்பொருளில் தங்கள் வீட்டை அழைக்கிறார்கள்; பத்திரிகைக்காரர்கள் அதன் இழிந்த பொருளில் அழைக்கிறார்கள். இடையில் இருநூறு வருடத்து வறுமை கிடக்கிறது.

நாம் மட்டும் யோக்கியரா என்றால் இல்லை. ஸ்லம் என்பதற்கு நம் எழுத்தாளர் பலர் எழுதும் தமிழ் 'சேரி'. சேர்ந்து வாழும் இடம் என்பதே அச்சொல்லின் இயல்பான பொருள். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், பிராமணர் வாழ்ந்த அவ்வூருக்கே முப்பது குடும்பும் பன்னிரண்டு சேரியும் இருந்தன. அப்பன்னிரண்டும் அழுக்கிடம் அல்ல. நடுவில் சாதி புகுந்து, சேரி என்ற சொல்லை ஊருக்கு வெளியே தள்ளியது. இன்று மொழிபெயர்ப்பாளர் ஸ்லம்மைச் சேரி என்று எழுதும்போது, ஆங்கிலத்தின் இழிவையும் நம் சாதியின் இழிவையும் ஒன்றாகக் கட்டி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து அந்த இழிவைத் தாளாமல் ரயிலேறி வந்த மக்கள் தலையிலேயே மறுபடி வைக்கிறார். குடியிருப்பு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பாத்திரம் இல்லாத வீடு

இப்போது என் மனத்தை விட்டு நீங்காத சொல்லுக்கு வருகிறேன்.

ஒரு மழைக்காலத்து மாலை. வெகுநாள் வாடிக்கையாளரான நெல்லைப் பாட்டியம்மா ஒருவர் கடைக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்ற பேச்சே கிடையாது. அது தாராவி எனக்குக் கொடுத்த பட்டம்.

"அண்ணாச்சி, இந்தக் காயிதத்துல பாத்திரம் இல்லைன்னு போட்டிருக்காம். பேரன் வாசிச்சுச் சொன்னான். உம்ம கடையில வாங்கின பாத்திரமே வீடு நெறைய கெடக்கே! கல்யாணச் சீரு பித்தளைப் பானை கூட இருக்கு. வந்து பாத்தானுவளா இல்லையா?"

வாங்கிப் பார்த்தேன். அவர் பெயருக்கு நேரே மராத்தியில் 'அபாத்ர' என்று இருந்தது. ஆங்கிலக் கட்டத்தில் 'நாட் எலிஜிபில்'. பேரன் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிற சின்னப் பையன். மராத்தியை எழுத்துக் கூட்டி, பாட்டிக்குத் தெரிந்த தமிழில் சொல்லியிருக்கிறான். நாற்பது வருடமாகப் பாத்திரம் விற்கும் எனக்கு, அந்தச் சொல்லைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

ஒரே கட்டத்துக்கு மூன்று மொழியில் மூன்று சொல். மூன்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீனில் தேர்ந்தெடுத்தல். தேர்தலைக் குறிக்கும் 'எலெக்ஷன்' அதன் உடன்பிறப்பு. ஆகவே எலிஜிபில் என்றால், எடுப்பவன் எடுக்கக்கூடியது. அதில் பேச்செல்லாம் எடுப்பவனைப் பற்றியதே. எடுக்கப்படாதவரின் குணத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

மராத்திச் சொல் வடமொழிப் பாத்திரம். கொள்கலன் என்பது நேர்ப்பொருள். கொடுப்பதை ஏற்கத் தக்கவர் என்பது வழிப்பொருள். நாமும் அன்புக்குப் பாத்திரமானவர் என்கிறோம். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று பழமொழியும் வைத்திருக்கிறோம். ஆகவே இச்சொல்லில் கொடுப்பது தானம், வாங்குபவர் இரப்பவர் என்ற சாயல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழில் நாம் எழுதுவது 'தகுதியற்றவர்'. மூன்றிலும் கொடியது இதுதான் என்பேன். எடுப்பவனையும் விட்டுவிட்டு, கலத்தையும் விட்டுவிட்டு, நேரே மனிதரின் மதிப்பில் கை வைக்கிறது. தகுதியற்றவர் என்று அந்தப் பாட்டியம்மாவிடம் நான் விளக்கியபோது அவர் முகம் மாறியது. "தகுதி இல்லையா? இருவது வயசுல வந்து, இட்லி வித்து மூணு புள்ளைய வளத்தேனே. அதுக்கு மேல என்ன தகுதி அண்ணாச்சி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பாத்திரம் இல்லை என்று பேரன் சொன்னதே மேல் என்று தோன்றியது.

சரி, அந்தக் காகிதத்தில் அச்சொல்லின் உண்மையான பொருள் என்ன? அவர் நல்லவரா, உழைத்தவரா, ஏழையா என்பது எதுவுமே இல்லை. குறித்த ஒரு தேதிக்கு முன் அதே இடத்தில் இருந்ததற்கான தாள் ஏற்கப்பட்டதா இல்லையா என்பது மட்டுமே. 1976-இல் குடிசைகளைக் கணக்கெடுத்துப் போட்டோபாஸ் கொடுத்தார்கள். 1995-இல் திட்டம் வந்தபோது அவ்வாண்டு ஜனவரி 1 எல்லைத் தேதி. பின்னர் அது 2000 ஜனவரி 1 ஆயிற்று. ஒரே மனிதர் ஒரே ரூமில் இருந்தபடியே, 1999-இல் அபாத்திரராக இருந்து பிறகு பாத்திரர் ஆனதுண்டு. அவர் ஒரு புண்ணியமும் செய்யவில்லை. தேதி நகர்ந்தது, அவ்வளவுதான்.

2022-இல் தாராவிக்கென வகுத்த விதிகளில் இச்சொல் இன்னும் ஒரு படி நகர்ந்தது. 2000-க்கு முந்திய தரைத்தளக் குடியிருப்பாளருக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. 2000-க்கும் 2011-க்கும் இடையில் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, விலைக்கு. அதற்கும் பின் வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் வாடகை வழியில் வீடு என்பது அதன் சாரம். யாரையும் தெருவில் விடவில்லை என்று அரசுத் தரப்பு சொல்வதில் நியாயம் உண்டு. முன்னைத் திட்டங்களைவிட இது விரிந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மொழியைப் பார்ப்பவன் ஒன்றைக் கவனிக்கிறான். அபாத்திரம் என்ற சொல்லுக்கு இன்று தாராவித் தெருவில் வழங்கும் பொருள் 'வீடு இல்லை' என்பதல்ல, 'தாராவிக்கு வெளியே' என்பது. இட்லி விற்பவருக்கும், தோல் பை தைப்பவருக்கும், பழைய பிளாஸ்டிக் பிரிப்பவருக்கும் ரூம்தான் பட்டறை, சந்துதான் சந்தை. வெளியே என்பது அவர்களுக்கு வெறும் திசை இல்லை.

எங்கள் சமய நூல்களிலும் பாத்திர விசாரம் உண்டு. சுபாத்திரம், குபாத்திரம், அபாத்திரம் என்று தானம் ஏற்போரைப் பிரித்திருக்கிறார்கள். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் கொடைகளை உணவு, மருந்து, உபகரணம், ஆவாசம் என நான்காகச் சொல்லும். ஆவாசம் என்றால் இருப்பிடம். இன்றைய மத்திய அரசின் வீட்டுத் திட்டத்தின் பெயரில் உள்ள 'ஆவாஸ்' அதே சொல்தான். பாத்திரம் பார்த்துத் தரச் சொன்னது துறவோர்க்குப் பக்தியோடு தரும் தானத்தை. துன்பப்படும் உயிருக்கு இரக்கத்தால் தருவது கருணா தானம். அதற்குப் பாத்திரம் பார்க்கும் வழக்கமில்லை. பட்டியல் போட்டவர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அதோடு கூட வந்த விதிவிலக்கை விட்டுவிட்டார்கள்.

அகராதிகள் மீது என் குறை

அகராதி செய்தவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 1732-இல் சதுரகராதி தந்த வீரமாமுனிவர் முதல், 1862-இல் பேரகராதி வெளியிட்ட வின்சுலோ, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939-இல் பின்னிணைப்போடும் தமிழ் லெக்சிகனை முடித்த சென்னைப் பல்கலைக்கழகத்தார், 1960-களில் அதே பல்கலைக்கழகத்துக்கு ஆங்கிலம் தமிழ்ச் சொற்களஞ்சியம் செய்த சிதம்பரநாதன் செட்டியார், 1992-இல் தற்காலத் தமிழ் அகராதி கொண்டுவந்த க்ரியா ராமகிருஷ்ணன் வரை, ஒவ்வொருவரும் ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டிய வேலையைச் செய்தவர்கள். நம் பிள்ளைகள் வீட்டில் லிஃப்கோ அகராதி இல்லாமல் பள்ளியிறுதி தாண்டியதில்லை.

என் குறை இதுதான். நம் ஆங்கிலம் தமிழ் அகராதிகள் பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் தருகின்றன. பரீட்சை எழுதும் மாணவனுக்கு அது போதும். கையெழுத்துப் போடும் மனிதனுக்குப் போதாது. ஹாப்சன் ஜாப்சனில் கம்பெனிக்காரர்களின் அகந்தை நிறைய உண்டு. இருந்தாலும் ஒரு சொல்லை யார், எப்போது, எந்த இடத்தில், என்ன காரியத்துக்குச் சொன்னார் என்று அடுக்கிக் காட்டும் முறை அதில் உண்டு. க்ரியா அகராதி தற்காலத் தமிழுக்கு அம்முறையின் பயனைக் காட்டியது. வாக்கியம் இல்லாமல் பொருள் இல்லை என்று நிறுவியது. மண்டலபுருடர் சூடாமணி நிகண்டில் ஒருசொல் பல்பொருளுக்கென்றே பதினோராம் தொகுதியை ஒதுக்கினார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதைத்தான் முதலில் உருப்போட்டார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று நம்புவது ஆபத்து என்பதை அன்றைய ஆசிரியர்கள் அறிந்திருந்தார்கள் போலும்.

தனித்தமிழ் அன்பர்களிடமும் ஒரு விண்ணப்பம். எலிஜிபில் என்பதை ஒழித்துத் தகுதி என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். புரியாத ஆங்கிலத்தின் இடத்தில் புண்படுத்தும் தமிழை வைப்பது வெற்றி ஆகாது. 'தேதிச் சான்று ஏற்கப்பட்டவர்', 'தேதிச் சான்று ஏற்கப்படாதவர்' என்று எழுதலாமே. நீளம்தான். ஆனால் படித்தவுடன் அடுத்து என்ன செய்யலாம் என்பது தெரிந்துவிடும். சான்று ஏற்கப்படவில்லை என்றால் வேறு சான்று தேடலாம். தகுதி இல்லை என்றால் எங்கே போய்த் தேடுவது?

பாட்டியம்மா விஷயத்தில் நடந்ததும் அதுவே. காகிதத்தின் அடியில் ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் குறித்திருந்தது. பாத்திரம் இல்லை என்று கேட்டவர் அந்த வரிவரை போகவே இல்லை. இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி. பழைய ரேஷன் கார்டும், மாமியார் பெயரில் இருந்த மின்சார ரசீதும் எடுத்துக்கொண்டு, கடையைப் பையனிடம் விட்டுவிட்டு நானே கூடப் போனேன். கொடுத்ததற்கு முத்திரை போட்டுத் தந்தார்கள். பதில் இன்னும் வரவில்லை.

ஆகையால் சங்கத்தார்க்கு என் தாழ்மையான யோசனை இது. அடுத்த மலரில் ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்களின் பட்டியல் வேண்டாம். அனெக்சர், கார்பெட், கட்-ஆஃப், டிரான்சிட், கன்சென்ட், எலிஜிபில் என்று நம் வாசலுக்கு வரும் ஒரு நூறு சொற்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அகராதிப் பொருள், அலுவலகப் பொருள், அதைக் கண்டால் நாம் செய்ய வேண்டியது என்று மூன்று கட்டம் போட்டு அச்சிடுவோம். மராத்திச் சொல்லையும் பக்கத்தில் வைப்போம். செலவில் ஒரு பங்கு என்னுடையது. அந்த நூறு சொற்களைத் தொகுக்க ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கடைத் திண்ணை காலியாகத்தான் இருக்கிறது. வருபவர்கள் தங்கள் வீட்டுக் காகிதங்களைக் கையோடு கொண்டுவந்தால் நல்லது.